மோரிஸ் மைனர் பெட்ரோல் குடிக்கிறதா? அறிகுறியை வைத்து ஆளைப் பிடிக்கலாம்

மாமா எனக்கு விட்டுப்போன 1966 மோரிஸ் மைனர் 1000, லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி. இரண்டு வருஷத்துக்கு முன் திடீரென்று 8க்கு இறங்கியது. ஒரு வொர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானெட்டைத் திறந்த மாத்திரத்தில் "கார்புரேட்டர்" என்றார்கள். காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் அந்தக் கருவியைக் கழற்றினார்கள், புது கிட் போட்டார்கள், 380 வெள்ளி பில் வந்தது. அடுத்த டேங்க்கில் 8.2. கடைசியில் பார்த்தால் கோளாறு இடப்பக்கப் பின்சக்கரத்தில் இருந்தது. கார்புரேட்டருக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது.

அன்றிலிருந்து கார்புரேட்டரைக் கடைசியாகத்தான் தொடுவது என்று வைத்திருக்கிறேன். கீழே இருப்பது நான் தேடும் வரிசை. எடுத்துக்காட்டுகள் எல்லாம் மைனரிலிருந்துதான், ஆனால் அந்தக் காலத்து ஆஸ்டின், மினி, ஃபோர்டு ஆங்கிலியா எதற்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில், குடிப்பது உண்மையா?

பழைய கையேட்டில் இருக்கும் கேலன் பிரிட்டிஷ் கேலன், 4.546 லிட்டர். போனில் மாற்றிப் பார்க்கும்போது அமெரிக்க கேலன் (3.785 லிட்டர்) வந்துவிட்டால் கணக்கு 20 சதவீதம் தப்பும். கேலனுக்கு 35 மைல் என்பது நம் கணக்கில் லிட்டருக்கு 12.4 கிலோமீட்டர். அமெரிக்க கேலனில் போட்டால் 14.9 காட்டும். நண்பர் ஒருவர் ஆறு மாதம் இந்த 14.9ஐத் துரத்திக்கொண்டிருந்தார். அவர் வண்டிக்கு ஒன்றுமே இல்லை. நினைவில் வைக்க எளிய வழி: மைல் கணக்கை 0.354ஆல் பெருக்குங்கள்.

அடுத்தது டேங்க் நிரப்புவது. பழைய கார்களின் நிரப்புக் குழாயில் பெட்ரோல் நுரைத்துக்கொண்டு பம்ப் சீக்கிரமே 'டக்' என்று நின்றுவிடும். ஒருமுறை நின்ற இடத்துக்கும் மறுமுறை நின்ற இடத்துக்கும் இரண்டு லிட்டர் வித்தியாசம் வரலாம். நாம் ஒரு தடவைக்குப் போடுவதே பத்து லிட்டர்தான் என்றால் கணக்கு அங்கேயே கெட்டது. அதே ஸ்டேஷன், முடிந்தால் அதே பம்ப், மெதுவாக ஊற்றுங்கள். மூன்று தடவை போட்டதைக் கூட்டி, மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுங்கள். நம் சிங்கப்பூர்த் தீவே கிழக்கு மேற்காகச் சுமார் 50 கிலோமீட்டர்தான். அதனால் இதற்கு ஒரு மாதம் ஆகும். ஆகட்டும்.

தூரம் காட்டும் மீட்டரையும் நம்பாதீர்கள். அது மைலில் இருக்கும், டயர் மாற்றியிருந்தால் அதுவும் பொய் சொல்லும். அசல் அளவைவிடப் பெரிய டயர் போட்டிருந்தால் மீட்டர் குறைவாக ஓடும், வண்டி அதிகம் குடிப்பதுபோல் தெரியும். தீவு விரைவுச்சாலையில் ஒரு இருபது கிலோமீட்டர் போன் வரைபடத்தோடு ஒப்பிட்டாலே எவ்வளவு தப்பு என்று தெரிந்துவிடும்.

பெட்ரோல் மீட்டர் முள் சரசரவென்று இறங்குகிறது, ஆனால் போடும் லிட்டர் கூடவில்லை

இது டேங்க்குக்குள் இருக்கும் மிதவையின் வேலை. மிதவையில் ஓட்டை விழுந்து உள்ளே பெட்ரோல் புகுந்தால் அது தாழும், முள்ளும் தாழும். டேங்க்கின் எர்த் கம்பி துருப்பிடித்தாலும் முள் தப்பாகக் காட்டும். மிதவையைக் கழற்றிக் காதோரம் ஆட்டிப் பாருங்கள், உள்ளே தளும்பினால் அதுதான்.

சின்ன விஷயம்தானே என்று விட முடியாது. மலேசியாவின் ஜோகூருக்குப் போகும் சிங்கப்பூர் வண்டியின் டேங்க் முக்கால்வாசி நிறைந்திருக்க வேண்டும் என்ற விதி 1991இலிருந்து இருக்கிறது. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் அதிகாரி பார்ப்பது உங்கள் டேங்க்கை அல்ல, முள்ளை. நிறையப் பெட்ரோல் இருந்தும் முள் பாதியில் நின்றால், 1966ஆம் வருஷத்து மிதவையைப் பற்றி அங்கே நின்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பெட்ரோல் வாடை அடிக்கிறது

இது ஒன்றை மட்டும் வரிசையில் எங்கே வந்தாலும் முதலில் பாருங்கள். மைலேஜ் போனால் காசு போகும். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் தீப்பிடித்தால் மேல்தளத்து வண்டிகளும் சேர்ந்து போகும்.

மைனரில் எஸ்யூ (SU) கம்பெனியின் மின்சாரப் பெட்ரோல் பம்ப் இருப்பது இங்கே பெரிய உதவி. எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பிவிட்டுக் காது கொடுங்கள். டிக் டிக் டிக் என்று சில நொடி அடித்துவிட்டு, கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் பம்ப் ஓய வேண்டும். ஓய்ந்த பிறகும் ஐந்தாறு நொடிக்கு ஒரு டிக் கேட்டால் பெட்ரோல் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது, அல்லது பம்புக்குள் இருக்கும் வால்வு பின்னுக்கு விடுகிறது. ஓயாமல் வேகவேகமாக அடித்தால் காற்றை இழுக்கிறது என்று அர்த்தம். ஒரு நிமிஷத்துக்கு மேல் சாவியைப் போட்டு வைக்காதீர்கள், இக்னிஷன் காயில் சூடாகிவிடும்.

டிக் கேட்டால் கார்புரேட்டர் கிண்ணத்தின் வழிகால் குழாய் முனையைப் பாருங்கள். ஈரமாக இருந்தால் கிண்ணத்துக்குள் இருக்கும் மிதவை தள்ளி மூட வேண்டிய ஊசி மூடவில்லை. பெரும்பாலும் ஒரு துணுக்குத் துருதான் நடுவில் உட்கார்ந்திருக்கும். மூடியைத் திறந்து ஊசியையும் அதன் இருக்கையையும் துடைத்து மாட்டினால் பாதித் தடவை சரியாகிவிடும். குழாய் முனை காய்ந்திருந்தால் ரப்பர் ஹோஸ்களைக் கையால் வளைத்துப் பாருங்கள். வளைத்த இடத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அதை மட்டும் மாற்றாமல் மொத்தத்தையும் மாற்றுங்கள், கூடவே புதுக் கிளிப்பும்.

நல்ல வெயிலில் ஓட்டிவிட்டு நிறுத்தியதும் கொஞ்சம் வாடை வந்து ஐந்து நிமிஷத்தில் போய்விட்டால், அது கிண்ணத்தில் இருப்பது சூட்டில் ஆவியாவது. அதற்காக வண்டியைப் பிரிக்க வேண்டாம்.

ஆக்சிலரேட்டரை விட்டதும் வண்டி சீக்கிரம் நின்றுவிடுகிறது

என்னைப் பிடித்தது இதுதான். 380 வெள்ளி தண்டம் அழுத பிறகு சுங்கை காடுட்டில் பழைய வண்டி பார்க்கும் ஓர் அண்ணனிடம் போனேன். பானெட் பக்கமே வரவில்லை அவர். வண்டியைச் சுற்றி வந்து நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையை வைத்தார்.

"தம்பி, இங்க வந்து கைய வை. தொட்டுடாத."

இடப்பக்கப் பின்சக்கரத்தில் தோசைக்கல் அனல்.

"கார்புரேட்டர்னு சொன்னாங்கண்ணே."

"சொல்லுவாங்க. அது மேலயே இருக்கு, குனிய வேணாம் பாரு."

பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் இருக்கும் கார் இங்கே ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓடலாம். மீதி நாளெல்லாம் ஈரக்காற்றில் நிற்கிறது. ஓடித் தேய்வதைவிட நின்று துருப்பிடிப்பதுதான் சிங்கப்பூரில் பழைய காருக்கு வரும் நோய், அது முதலில் தாக்குவது டிரம் பிரேக்கை. டிரம் என்ற இரும்பு வளையத்தை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் ஷூ அதோடு ஒட்டிக்கொள்ளும், சக்கர சிலிண்டருக்குள் பிஸ்டன் இறுகும், ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள் துருவேறி, விட்டாலும் திரும்பாது. ஒரு சக்கரம் லேசாகப் பிடித்துக்கொண்டிருந்தால் ஓட்டுபவருக்குத் தெரியாது. கால் தானாக இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொள்ளும். பெட்ரோல்தான் கணக்குச் சொல்லும்.

சோதனை எளிது. பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, கடைசி ஒரு நிமிஷம் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, நான்கு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் காட்டுங்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அதை ஜாக்கியில் தூக்குங்கள், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு. கையால் சுற்றினால் ஒன்றிரண்டு சுற்றாவது தானாகச் சுற்ற வேண்டும்.

சுற்றவில்லையா? இப்போதுதான் கெட்டிக்காரத்தனம். அந்தச் சக்கரத்தின் பிளீட் நிப்பிளை (பிரேக் ஆயிலில் சேரும் காற்றை வெளியே விடும் சின்னத் திருகு) அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். பிரேக் ஆயில் சீறிக்கொண்டு வந்து சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. முன்சக்கரம் ஒன்று மட்டும், அல்லது பின்சக்கரம் இரண்டும் என்றால் அங்கே போகும் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கும். வெளியே பார்க்கப் புதுசு மாதிரிதான் இருக்கும், ஆனால் போக விடும், திரும்ப விடாது. எல்லாச் சக்கரமும் பிடித்தால், பெடலின் அழுத்தத்தை எல்லாவற்றுக்கும் அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். பெடலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே கொஞ்சம் தளர்ச்சி இருக்க வேண்டும், யாராவது 'பெடல் லூசாக இருக்கிறது' என்று அதை இறுக்கியிருப்பார்கள். நிப்பிளைத் தளர்த்தியும் சக்கரம் விடவில்லை என்றால் கோளாறு இரும்பில்: ஷூ, ஸ்பிரிங், சிலிண்டர், அட்ஜஸ்டர், கேபிள். என் வண்டியில் கேபிள். அதை மாற்றிய பிறகு மூன்று டேங்க் கணக்கில் 11.6 வந்தது.

நிப்பிளைத் திறந்து மூடினால் காற்று புகுந்திருக்கும். அந்தக் காற்றை வெளியேற்றி (பிளீட் செய்து), பெடல் கெட்டியாக நிற்கிறதா என்று பார்க்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

வாரக்கணக்கில் நிறுத்தும்போது நான் இப்போது ஹேண்ட் பிரேக் போடுவதில்லை. சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, இரண்டு மரக்கட்டை வைத்துவிட்டுப் போகிறேன். டயருக்கும் இதே கதைதான். நிற்க நிற்கக் காற்று இறங்கும். கையேட்டில் இருக்கும் 22 பிஎஸ்ஐ அந்தக் கால கிராஸ்பிளை டயருக்குச் சொன்னது. என் ரேடியலுக்கு 26 வைக்கிறேன்.

கரும்புகை, கருத்த பிளக்

நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். இளம் பழுப்போ சாம்பலோ என்றால் நல்லது. அடுப்புக்கரி மாதிரி காய்ந்த கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம். ஈரமாக, எண்ணெய்ப் பசையோடு கருப்பு என்றால் அது எஞ்சின் ஆயில், இந்தப் பகுதியைத் தாண்டிக் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

காற்று வடிகட்டியைப் பாருங்கள், அழுக்கென்றால் மாற்றுங்கள். அவ்வளவுதான் அதற்கு.

பிறகு சோக், அதாவது குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் குமிழ். 30 டிகிரி வெயிலில் நமக்குச் சோக் தேவைப்படுவதே காலையில் அரை நிமிஷம்தான். எஸ்யூ கார்புரேட்டரில் சோக்கை இழுத்தால் தட்டு எதுவும் மூடாது. அடியில் இருக்கும் ஜெட் (பெட்ரோல் வரும் துவாரம்) கீழே இறங்கும், அதற்குள் நிற்கும் ஊசியைச் சுற்றி இடைவெளி பெருகி அதிகப் பெட்ரோல் வரும். சோக்கை உள்ளே தள்ளிவிட்டோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். இணைப்புக் கம்பிகள் காய்ந்துபோனால் ஜெட் முழுதாக மேலே வராது. எஞ்சின் சூடாக ஓடும்போது கார்புரேட்டருக்கு அடியில் விரலை விட்டு ஜெட்டை மெல்ல மேலே தள்ளுங்கள். 'தொப்' என்று ஒரு இம்மி ஏறி எஞ்சின் சத்தம் மாறினால் திருடன் அகப்பட்டான். இணைப்புகளுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள், சோக் கேபிளில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவு தளர்ச்சி இருக்கும்படி வையுங்கள். இந்த வேலைக்கு ஐந்து நிமிஷம் கூட ஆகாது.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் பெட்ரோல், காற்றுக் கலவையைத் தொட வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடானதும் கார்புரேட்டர் பிஸ்டனை அதைத் தூக்குவதற்கென்றே இருக்கும் சின்னக் குச்சியால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணைந்தால் குறைவு. லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. அடியில் உள்ள நட்டை ஒரு முனை திருப்புவது, மறுபடி தூக்கிப் பார்ப்பது, அதுதான் முறை. எவ்வளவு திருப்பியும் படியவில்லை என்றால் ஜெட் துவாரம் தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கும். அப்போது ஊசியும் ஜெட்டும் ஜோடியாக மாற்ற வேண்டியதுதான்.

புகை இல்லை, வாடை இல்லை, ஆனால் இழுவை இல்லை

இது தீப்பொறி தாமதமாக விழும் வண்டி. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிப் பொறியை எழுப்பும் பாயின்ட்டின் அடிப்பாகம் தேயத் தேய இடைவெளி குறையும், இடைவெளி குறைந்தால் பொறி பின்தங்கும். இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு (0.38 மில்லிமீட்டர்) வைத்துவிட்டு, அதன் பிறகு டைமிங் (பொறி விழும் நேரம்) பாருங்கள். முதலில் டைமிங், பிறகு பாயின்ட் என்று செய்தால் டைமிங் மறுபடி நகர்ந்துவிடும்.

அடுத்து, பலர் மறந்துவிடும் வேக்குவம் அட்வான்ஸ். ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி 70, 80இல் நிதானமாகப் போகும்போது பொறியை முன்கூட்டியே விழவைப்பது இதுதான். அதனுள் இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்தால் வண்டி ஓடும், ஏறும், எல்லாம் செய்யும். விரைவுச்சாலையில் மட்டும் மைலேஜ் போய்விடும். கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பாருங்கள். நாக்கு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். காற்று வந்துகொண்டே இருந்தால் சவ்வு போச்சு. பெட்ரோல் ருசி அன்றைக்குக் கோப்பி ஓ குடித்தாலும் போகாது, பரவாயில்லை.

டைமிங் சரியாக உட்கார்ந்ததா என்று தெரிய, ஃபேபர் மலை ஏற்றத்தில் மூன்றாவது கியரில் அழுத்திப் பாருங்கள். கடகடவென்று சில்லறை குலுங்குவதுபோல் சத்தம் வந்தால் அட்வான்ஸ் அதிகம், சற்றுப் பின்னால் தள்ளுங்கள். அந்தச் சத்தம் இல்லாத வண்டிக்கு 98 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றுவதால் மைலேஜ் ஏறாது. 2021இலிருந்து 98க்கான வரி லிட்டருக்கு 79 காசு, 92, 95க்கு 66 காசு. ஜோகூரில் வெளிநாட்டு வண்டிக்கு 95 கிடையாது, 97தான்.

எவ்வளவு ஓட்டினாலும் எஞ்சின் சூடேறவில்லை

நம் ஊர் வெயிலுக்கு எதற்கு என்று தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்றி எறிந்தவர்கள் ஒரு தலைமுறையே உண்டு. மாமாவும் அதில் ஒருவர். எஞ்சின் சூடாகாமல் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, ஆயிலும் கெட்டியாகவே சுற்றும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டிருங்கள். சில நிமிஷம் சூடே இல்லாமல் இருந்து, சட்டென்று சுட வேண்டும். முதலிலிருந்தே மெதுமெதுவாக வெதுவெதுப்பானால் உள்ளே தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டது. கழற்றி வெந்நீரில் போட்டுப் பாருங்கள், மேலே பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்க வேண்டும். அம்மாவின் ரசப் பாத்திரத்தில் வேண்டாம். சொந்த அனுபவம்.

விரைவுச்சாலையில் சரி, ஊருக்குள் மட்டும் மோசம்

இதில் பெரும்பாலும் கோளாறு இல்லை. வாரம் ஒருமுறை பத்து நிமிஷம் சும்மா ஸ்டார்ட் பண்ணி வைக்கும் பழக்கத்தை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த அளவு எஞ்சின் சும்மா நின்று ஓடினால் மணிக்கு முக்கால் லிட்டர் போல எரிக்கும். மாதத்துக்கு அரை லிட்டருக்கு மேல். அந்த மாதம் ஓட்டியது 60 கிலோமீட்டர் என்றால் 12 கொடுக்கும் வண்டி 11க்கும் கீழே காட்டும், சோக் போட்டிருந்தால் இன்னும் மோசம். அப்படி ஓட்டினால் எஞ்சின் சரியாகச் சூடாவதும் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் உண்மையாகவே ஓட்டுங்கள். நான் போவது பழைய அப்பர் தாம்சன் சாலை, 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரி பந்தயம் நடந்த அதே வளைவுகள். மைனர் அங்கே 50க்கு மேல் போகாது, போகவும் வேண்டாம். நீண்ட வார இறுதியில் ஜோகூர் கடற்பால நெரிசலில் மாட்டிக்கொண்ட டேங்க்கைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் 9

டேப்பட் பாருங்கள், அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் நடுவே உள்ள இடைவெளி. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லிமீட்டர். எட்டு வால்வில் எது அமுங்கியிருக்கும்போது எதைப் பார்ப்பது என்பதற்கு ஒன்பது கணக்கு: 1 முழுதாக அமுங்கியிருந்தால் 8ஐப் பாருங்கள், 3 என்றால் 6. இரண்டும் சேர்ந்து ஒன்பது வரும்.

முன்பு சரியாக வைத்த எக்ஸாஸ்ட் வால்வுகளில் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் கவனியுங்கள். சிங்கப்பூரில் 1998இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. அந்த ஈயம்தான் பழைய எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கைக்கு மெத்தை மாதிரி இருந்தது. அது போனபின் மிருதுவான இரும்பு தேய, வால்வு ஹெட்டுக்குள் (எஞ்சினின் மேல்மூடி) அமிழ்கிறது. இடைவெளி முழுதும் போனால் வால்வு மூடாது, அழுத்தம் கசியும், மைலேஜும் கூடவே போகும்.

கம்ப்ரெஷன் மீட்டர் வைத்து நான்கு சிலிண்டரையும் பாருங்கள், பத்து சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு. வால்வு என்றால் ஹெட்டைக் கழற்றிக் கடினமான புது இருக்கைகள் பொருத்த வேண்டும். அது லேத் பட்டறை வேலை, நாள் பிடிக்கும். ஓட்டுவதற்கு 45 நாள் போக வருஷத்தில் இன்னும் 320 நாள் கிடக்கிறதே.